வேடம் யாருக்கு?

முத்துக்குப் பெயர் பெற்ற ஊர் தூத்துக்குடி. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அது நடைபெற்ற காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்னரே அரசினர் முத்துப் பார்களிலிருந்து மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுப்பித்துத் திறந்து, உள்ளிருக்கும் முத்தின் அளவையும் தரத்தையும் மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். காரணம் எளியது. சிப்பியின் மேலோடு உள்ளிருப்பதைச் சொல்லுவதில்லை.

ஆண்டு விழா நெருங்கும்போது ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இதைப் போன்ற ஒரு மாதிரி எடுப்பு நடக்கிறது. “நாடகத்தில் நடிக்க விரும்புவோர் தமிழாசிரியரிடம் பெயர் கொடுக்கவும்” என்று வகுப்புதோறும் அறிக்கை வரும். நாற்பது பேர் பெயர் கொடுப்பார்கள். வேடங்கள் பத்தோ பன்னிரண்டோ இருக்கும். ஒருவன் அரசனாவான், ஒருவன் வாயிற்காவலன் ஆவான், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இந்தத் தேர்வை நடத்துகிறவர் அரை மணி நேரத்தில் அதை மறந்துவிடலாம். தேர்வுக்கு நின்ற பிள்ளை எளிதில் மறப்பதில்லை. ஆகவே, ‘இன்ன வேடம் இன்னாருக்கு’ என்று நம் நாட்டு நாடகக்காரர்கள் எவ்வாறு முடிவு செய்தார்கள், அந்த வரலாற்றிலிருந்து பள்ளிக்கூடம் கற்கத்தக்கது என்ன என்பதை இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஆடுவோரைத் தெரிந்தெடுக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் அறிவார்கள். மாதவி ஏழாண்டுகள் பயிற்சி பெற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடிக் காட்டினாள். அவளுக்கு இருக்க வேண்டிய தகுதிகளை மட்டும் கூறி இளங்கோவடிகள் நின்றுவிடவில்லை. ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், பாடல் இயற்றும் புலவன், மத்தளம் கொட்டுவோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகளை முறையாக வகுத்துரைக்கிறார். மேடையேறுகிறவரை அளப்பதற்கு முன்பு, அவரை ஏற்றுகிறவர்களையும் அளக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது. இக்கருத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ் நாடக உலகம் தலைமை ஆசிரியர் என்று போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடிக்கு அணித்தாக உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர். அவரிடமும் பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் சங்கரதாசர் தமிழ் கற்றார். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கராக வேலை பார்த்தார். உப்பு மூட்டைகளின் கணக்கை எழுதிய அந்தக் கை, 1891-ஆம் ஆண்டு அளவில் அவ்வேலையை விட்டு நாடகத்தைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அவர் முதலில் ஏற்றவை எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் போன்ற வேடங்கள். தோற்றமும் குரலும் அச்சம் தருவனவாக இருந்தமையால் அவ்வேடங்கள் அவரைத் தேடி வந்தன. ஆனால் அப்பொருத்தமே அவருக்குத் துன்பமாக முடிந்தது. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்திக்கு அச்சத்தால் கருச் சிதைந்தது என்று நாடக வரலாறு கூறுகிறது. அதன்பின் சுவாமிகள் அத்தகைய வேடங்களைத் துறந்தார். கதையைத் தொடங்கி வைக்கும் சூத்திரதாரராக நின்றார். பின்னர் நாடகங்களை எழுதுவதையும் பயிற்றுவதையுமே தம் தொழிலாகக் கொண்டார். கச்சிதமாகப் பொருந்திய வேடத்தையே ஒருவர் உதறிவிட்டு வேறு வழியில் உயர்ந்தார் என்பதை நீங்கள் கருத வேண்டும். பிறர் கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ஒருவனுடைய முழு அளவு ஆகாது.

அக்காலத்தில் பெரியவர்கள் நடித்த நாடகக் குழுக்களில் ஒழுங்கு குறைந்திருந்தது. குறித்த நேரத்துக்கு வாராதோர் உண்டு; பாடத்தை மறந்து மனம் போனபடி பேசுவோர் உண்டு; மேடையிலேயே சண்டையிடுவோரும் உண்டு. இதனால் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் வழக்கம் வளர்ந்தது. இவற்றையே ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அழைத்தார்கள். சுவாமிகள் 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. அதற்குச் சுவாமிகளே ஆசிரியர்.

இக்கம்பெனிகளில் பிள்ளைகளை எவ்வாறு தேர்ந்தார்கள்? முதலில் பார்த்தது குரல். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆர்மோனியத்தின் உச்ச சுருதியில் நின்று பாடக்கூடிய பிள்ளைக்கே முதன்மை. அடுத்தது நினைவாற்றல். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட நாடகங்களை ஒரு சிறுவன் அடுத்தடுத்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. முகத்தோற்றம் அதற்குப் பின்னரே வந்தது. அரிதாரம் பூசி அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.

தேர்ந்த பிள்ளைகளுக்கு வேடங்களைப் பிரித்தளிப்பதிலும் ஒரு முறை இருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்களுக்கு வகை உண்டு. முதன்மை வேடத்தை ‘அயன் ராஜபார்ட்’, ‘அயன் ஸ்திரீபார்ட்’ என்பார்கள். பெண்கள் இக்கம்பெனிகளில் இல்லாமையால், வள்ளியும் சாவித்திரியும் அல்லியும் சிறுவர்களே. ஒருவன் எந்தப் பார்ட்டுக்கு என்று முடிவானபின், அவன் நடையும் பேச்சும் அதற்கு ஏற்பவே பயிற்றப்பட்டன. கம்பெனியில் அவனுக்குக் கிடைத்த மதிப்பும் வேடத்தைப் பொறுத்தே அமைந்தது.

1918-ஆம் ஆண்டில் மதுரைச் சபையில் சேர்ந்தவர்களுள் டி.கே.எஸ். சகோதரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் புனைவதில் பெயர் பெற்ற நடிகர். சகோதரர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவனிடம் இருந்த ஆற்றலைச் சுவாமிகள் கண்டுகொண்டார். கையில் இருந்த நாடகங்களில் ஒரு சிறு வேடத்தை அவனுக்கு ஒதுக்கிவிட்டு அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அபிமன்யுவைத் தலைவனாகக் கொண்ட ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் நாடகத்தை, உரையாடலும் பாடலுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார். அபிமன்யு வேடத்தைச் சண்முகத்துக்கு அளித்தார். அந்த ஓர் இரவைத் தமிழ் நாடக உலகம் இன்றும் வியந்து பேசுகிறது.

விரைந்து எழுதிய திறமையைப் பலர் வியக்கிறார்கள். ஆசிரியனாகிய நான் வியப்பது வேறொன்று. நாடகத்துக்கு ஏற்ற பிள்ளையைத் தேடுவதே உலக வழக்கம். இங்கே ஒரு பேராசிரியர் பிள்ளைக்கு ஏற்ற நாடகத்தைத் தேடினார். அது கிடைக்காதபோது தாமே படைத்தார். பயிற்றுகிற கலையின் சாரம் முழுவதும் இச்செயலில் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் பாய்ஸ் கம்பெனியின் மறுபக்கத்தை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை விட்டுச் செல்வார்கள். வறுமையினால் விட்டவர்களே மிகுதி. ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை, இரவெல்லாம் நாடகம், அடியும் உண்டு. பள்ளிக்கூடம் என்பதே அப்பிள்ளைகளுக்கு இல்லை. இவை எல்லாவற்றினும் கொடியதாக அவர்கள் அஞ்சியது ஒன்று. அதன் பெயர் மகரக்கட்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவது இயற்கை. தொண்டையில் உள்ள குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சில காலம் குரல் மேலும் கீழுமாகத் தடுமாறுகிறது. பின்னர்க் கனத்த குரலாக நிலைபெறுகிறது. இதனையே நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். நேற்று வரை அயன் ஸ்திரீபார்ட்டாக இருந்து கைத்தட்டல் பெற்றவன், ஒரு நாள் பாட வாய் திறந்ததும் குரல் பிளந்துவிடும். அவன் இடத்துக்கு வேறொரு சிறுவன் வருவான். இவனுக்குப் பாட்டில்லாத சேவகன் வேடம் கிடைக்கலாம்; திரைக்குப் பின்னே ஒரு வேலை கிடைக்கலாம்; ஒன்றும் கிடைக்காமல் வீடு திரும்பவும் நேரலாம். எழுத்தறிவும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. புகழ்பெற்ற சில பெயர்களை நாம் அறிவோம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி. இராமச்சந்திரன் வந்தார், டி.கே.எஸ். சகோதரர்களின் சபையிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்தார். குரலோடு வாழ்வும் உடைந்துபோன எத்தனையோ சிறுவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு முறையும் வளர்ந்தது. 1891-ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றவர்களும் அலுவல் பார்ப்பவர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை அது. அங்கும் பெண் வேடம் ஆண்களுக்கே. சி. ரங்கவடிவேலு என்பவர் கதாநாயகி வேடங்களில் புகழ் பெற்றார். நண்பர்கள் கூடி நடத்தும் சபையில் ஒருவருக்கு வேடம் கொடுத்து மற்றவருக்கு மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அச்சபையில் வேடம் கிடைக்காதவனுக்கு மறுநாள் சோறு இல்லாமல் போவதில்லை. அவனுக்குத் தொழில் வேறு இருந்தது. கம்பெனியில் வேடம் என்பது பிழைப்பு. சபையில் அது விருப்பம். பள்ளிக்கூடத்தில் அது என்ன? அங்கே அது கல்வி. கல்வியாயின், கம்பெனி முதலாளியின் கணக்கு அங்கே செல்லாது.

இவ்வுண்மையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு பிழையிலிருந்து கற்றேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து இக்கடற்கரைப் பள்ளி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. ஆண்டு விழாவுக்கு வ.உ. சிதம்பரனார் வரலாற்றை நாடகமாக்குவது என்று முடிவு செய்தோம். துறைமுகத்து ஊர்ப்பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான கதை வேறு இல்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-இல் சிறை புகுந்தவர். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். ஒரு சனிக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் தேர்வு நடத்தினேன். ஒவ்வொரு மாணவனும் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். அவ்வளவே என் தேர்வு.

ஒன்பதாம் வகுப்பில் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். விடுமுறை நாட்களில் தந்தையோடு அளத்தில் உப்புச் சுமப்பான். அவன் படிக்கத் தொடங்கியதும் குரல் பிளந்தது. மகரக்கட்டு. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும், வெளிப்படையாக அன்று எனினும், உள்ளூரச் சிரித்தேன். “நீ திரையிழுக்கும் வேலையைப் பார்த்துக்கொள், தம்பி” என்றேன். அவன் தலையசைத்துக் கயிற்றை ஏற்றுக்கொண்டான். சிதம்பரனார் வேடத்தை வேறொருவனுக்குக் கொடுத்தேன். உயரமானவன், கணீரென்று பேசுகிறவன்; அவன் வீட்டார் நாடகத்துக்கு வேண்டிய உடைகளைத் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்குறுதி என் முடிவில் கலக்கவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகை நடந்தது. செக்கிழுக்கும் காட்சியில் பேச்சே இல்லை. பின்னால் ஒரு பாட்டு. மேடையில் மரத்தால் செய்த செக்கு. அதனைத் தோளால் தள்ளிச் சுற்றி வர வேண்டும். தலைவன் வேடமிட்ட மாணவனுக்கு அது வரவில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு உலாவினான். பாரம் அவன் உடம்பில் தெரியவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. அப்போது திரைக் கயிற்றை வைத்திருந்தவன், “சார், நான் செய்து காட்டட்டுமா?” என்று கேட்டான். கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். காலை அகற்றி ஊன்றினான், தோளைக் கொடுத்தான், மூச்சை அடக்கித் தள்ளினான். மூன்று சுற்று வந்தான். அந்த அட்டைச் செக்குக்கு எடையில்லை என்பதை நாங்கள் எல்லோரும் மறந்தோம். சுமை தூக்கிப் பழகிய உடம்புக்குத்தான் அது தெரியும். ஒத்திகை அறையில் ஓசையே இல்லை.

அன்று மாலை நான் வேடத்தை மாற்றியிருக்கலாம். குறைந்தது, பேச்சில்லாத அந்த ஒரு காட்சியையாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாம். சிறைக்காட்சிக்கு வேறொருவன் வருவது நாடகத்துக்குப் புதிதன்று. ஆனால் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. உடை தந்தவர் என்ன நினைப்பாரோ என்றும் எண்ணினேன். “நன்றாகச் செய்தாய். அவனுக்குச் சொல்லிக் கொடு” என்று கூறிவிட்டேன். அவனும் சொல்லிக் கொடுத்தான். விழா நன்றாகவே நடந்தது. அவையினர் செக்குக் காட்சியில் கண்கலங்கினார்கள். முடிவில் நடித்தவர்களை மேடையில் நிறுத்திப் பெயர் சொன்னேன். திரைக்கயிற்றின் அருகே நின்றவன் பெயரைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு பெயர் கொடுத்தோர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து அவன் பள்ளியை விட்டுச் சென்றபோது, அவனுக்கு நடிக்கத் தெரியும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள் சிலரே.

சுவாமிகளின் வரலாற்றை நான் ஊன்றிப் படித்தது அதற்குப் பிறகுதான். உப்புப் பண்டகசாலையிலிருந்து எழுந்து வந்த ஒருவர் ஆறு வயதுச் சிறுவனுக்காக ஓர் இரவு கண்விழித்தார். அதே ஊரில் உப்பளத்திலிருந்து வந்த ஒரு சிறுவனுக்காக நான் ஓர் அழைப்பிதழைத் திருத்த மறுத்தேன். இவ்வொப்பீடு எனக்குத் தந்த வெட்கமே பின்னாளில் எனக்கு ஆசிரியராக நின்றது.

அதன்பின் நான் சில ஒழுங்குகளை மேற்கொண்டேன். தேர்வை ஒரு நாளில் முடிப்பதில்லை. முதல் நாள் படிக்கச் சொல்வேன். மற்றொரு நாள் பேசாமல் ஒரு செயலைச் செய்து காட்டச் சொல்வேன்: கிணற்றில் நீர் இறைத்தல், வலையை இழுத்தல், கடிதம் பெற்று வாசித்தல். குரல் உடைந்த பிள்ளைக்கும் அங்கே வழி உண்டு. படிப்பைக் கேட்கும்போது மாணவனுக்கு முதுகு காட்டி அமர்வேன். முகமும் நிறமும் சட்டையும் என் செவியைக் கெடுக்காதிருப்பதற்காக. நாடகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆள் தேடுவதை விட்டுவிட்டு, வந்த பிள்ளைகளைப் பார்த்தபின் நாடகத்தைத் தேர்ந்தேன்; வேண்டிய இடத்தில் ஒரு வேடத்தைக் கூட்டி எழுதினேன். வேடம் கிடைக்காதவனைத் தனியே அழைத்துக் காரணத்தைச் சொன்னேன். விழா முடிவில் திரையிழுத்தவன் பெயரே முதலில் சொல்லப்பட்டது. இவற்றால் எங்கள் நாடகங்கள் எல்லாம் சிறந்தன என்று சொல்லமாட்டேன். சில ஆண்டுகளில் சொதப்பலும் நேர்ந்தது. ஆனால் பெயர் கொடுக்கும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் கூடியது.

சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதி நாட்களில் வாத நோயினால் பேச்சிழந்தார். பிறருக்கெல்லாம் வசனம் எழுதிய வாய் அடங்கிற்று. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதிய வள்ளித் திருமணமும் பவளக்கொடியும் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் இரவு முழுவதும் நடைபெறுகின்றன.

அவருடைய மாணவர் சண்முகம் மகரக்கட்டைக் கடந்து, முப்பது வயதளவில் ஔவையாராக வேடம் புனைந்து, ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். 1961-ஆம் ஆண்டில், இக்கடலில் முத்துக்குளிப்பு முடிவுற்ற அதே ஆண்டில், ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் சிதம்பரனாராக நடித்தவர் சிவாஜி கணேசன். அவரும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீதையாகப் பெண் வேடமிட்டவர். அப்படத்தில் சுப்பிரமணிய சிவாவாக நடித்தவர் சண்முகம். ஸ்திரீபார்ட்டில் தொடங்கியவர் செக்கிழுத்த செம்மலானார். முதலில் கிடைத்த வேடம் எவருக்கும் முடிவான வேடம் அன்று.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் இவ்வாண்டு தேர்வுக்கு நிற்பீர்கள். கிடைக்காவிட்டால், உங்களை அளந்த கோல் சிறியதாக இருந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் பெயர் கொடுங்கள். உங்களுள் வேறு சிலர் நாளை ஆசிரியர்களாகி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தேர்வு நடத்துவீர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பிள்ளையின் குரல் உடையும்போது சிரிக்காதீர்கள். கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கு முன், அவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.